21 வயது: கடையில் ஒரு சாட்டு, கந்தோரில் ஒரு சாட்டு

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்கா ஒருவர் போன வருடம் நான்கு நாள் லீவு போட்டு அலைந்தார். பத்தாம் தரம் படிக்கும் மகனுக்கு ரியூட்டரிக்குப் பக்கத்துக் கடையில் ஒற்றைச் சிகரட் விற்கிறார்கள் என்பதுதான் முறைப்பாடு. சுகாதாரப் பக்கம் போனால் "பொலிசுக்குப் போங்கோ" என்றார்கள். பொலிசில் "இது பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) பாக்கிற வேலை" என்றார்கள். ஐந்தாம் நாள் கடைக்காரரே வழியில் மறித்து, "என்னக்கா, எங்கட கடையப் பற்றி முறைப்பாடு குடுத்தீங்களாமே?" என்று கேட்டதுதான் மிச்சம்.

அவர் அலைந்ததுபோல் நீங்களும் அலையக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம். 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது அதன்படி குற்றம். மூடிய பொது இடத்தில் புகைப்பதும் குற்றம், புகைக்க விடுவதும் குற்றம். விளம்பரத்துக்கும் தடை இருக்கிறது. அறிமுகம் இவ்வளவு போதும்.

முதலில் வயது. "பிள்ளைக்குப் பதினெட்டு முடிஞ்சுது, வாக்குப் போடுற வயசு" என்பார் கடைக்காரர். வாக்குக்குப் பதினெட்டு, சிகரட்டுக்கு இருபத்தொன்று. அடையாள அட்டை கையில் இருந்தால் போதாது, அதிலுள்ள பிறந்த வருடத்தைப் பார்க்க வேண்டும். அடுத்த சாட்டு, "அப்பாவுக்குத்தான் வாங்கிறான்." யாருக்காக வாங்கினாலும் கடைக்காரர் நீட்டுவது பிள்ளையின் கையில், குற்றம் அங்கேயே நடந்துவிடுகிறது. இதில் நமக்கும் ஒரு குட்டு உண்டு. பின்னேரத்தில் பிள்ளையைச் சிகரட்டுக்குக் கடைக்கு அனுப்பும் அப்பாமார் இருக்கும் ஒழுங்கையில், எந்த முறைப்பாடும் விசாரணையில் பிசுபிசுத்துப் போகும்.

பிள்ளையைப் பொலிஸ் பிடித்துவிடுமோ என்ற பயத்தில் பல தாய்மார் வாய் திறப்பதில்லை. இந்தப் பிரிவில் தண்டனை விற்றவருக்கு, வாங்கிய பிள்ளைக்கு அல்ல. 2006 சட்டத்தில் எழுதியபடி 5,000 ரூபாய் வரை தண்டப்பணம் அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்த 5,000 இன்றைக்கு எத்தனை சிகரட் விலை என்று கணக்குப் பார்த்தால் கோபம்தான் வரும்.

ஒற்றையாக விற்பதில் இன்னொரு கள்ளமும் உண்டு. 2015 முதல் சிகரட் பெட்டியில் 80 சதவீதத்தை எச்சரிக்கைப் படம் பிடிக்க வேண்டும். ஒன்று ஒன்றாக வாங்கும் பையன் அந்தப் பெட்டியைக் கையிலேயே எடுப்பதில்லை.

இனி மூடிய இடம். தேத்தண்ணிக் கடைக்குள் பக்கத்து மேசைக்காரர் புகைத்தால் அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். கடைப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள்; தடுக்க வேண்டியது அவர் கடமை. நிலாவெளிப் பக்கம் சின்னச் சின்ன விடுதிகளில் "இது டூரிஸ்ட் இடம், எங்களுக்குச் சலுகை இருக்கு" என்று ஒரு கதை ஓடுகிறது. தங்குமிடம், சாப்பாட்டுக்கடை என்று பார்த்தால், புகைப்பதற்கென்று தனியிடம் ஒதுக்கும் சலுகை 30 அறைகளாவது உள்ள ஹோட்டல்களுக்கும், 100 பேராவது இருந்து சாப்பிடக்கூடிய உணவகங்களுக்கும்தான். எட்டு அறை விடுதிக்கு அது இல்லை. ஆனால் கடற்கரை மணலில் நின்று புகைப்பவரை இந்தப் பிரிவால் பிடிக்க முடியாது. அதற்கு முறைப்பாடு கொடுத்து உங்கள் நாளை வீணாக்காதீர்கள்.

இப்போது கந்தோர். பொலிசுக்கும் அதிகாரம் இருக்கிறது, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் இருக்கிறது, மதுவரி உத்தியோகத்தருக்கும் இருக்கிறது. "எங்கட வேலை இல்லை" என்று இந்த மூவரில் யார் சொன்னாலும் எழும்பி வராதீர்கள். "2006, 27ஆம் இலக்கச் சட்டத்தில் நீங்களும் அதிகாரம் பெற்றவர்தானே சேர்" என்று மெதுவாகக் கேளுங்கள். சட்ட இலக்கம் சொன்னதும் கதிரை காட்டுவார்கள், நான் கண்டிருக்கிறேன். நகரசபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் போனால் பஸ் காசுதான் நட்டம்.

போக வேண்டியது கடை இருக்கும் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு. உங்கள் வீடு இருக்கும் பிரிவுக்கு அல்ல. கிண்ணியாவில் இருப்பவர் திருகோணமலை ரவுன் கடையைப் பற்றிக் கிண்ணியாவில் சொன்னால் திருப்பித்தான் அனுப்புவார்கள்.

கவுண்டரில் நின்று வாயால் சொல்லாதீர்கள். அந்த அக்காவின் கதை கடைக்காரர் காதுக்குப் போனது அப்படித்தான். கடிதமாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பிரதியைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்குப் போடுங்கள். கடை, நாள், நேரம், கண்டது, இவ்வளவும் இருந்தால் போதும். "இந்த ஊர் கெட்டுப் போச்சு" என்று இரண்டு பக்கம் எழுதினால் யாரும் வாசிக்கமாட்டார்கள். சாட்சிக்கென்று உங்கள் பிள்ளையையே வாங்க அனுப்பவும் வேண்டாம். கடிதம் எழுத வசதியில்லையென்றால் அதிகாரசபையின் 1948 இலக்கத்துக்கு எடுங்கள்.

பொலிசுக்கே போவதானால் முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். கிழக்கில் நிருவாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பே சொல்கிறது. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதன் கீழ் கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறிக்காமல் வாசலைத் தாண்டாதீர்கள்.

ஒரு மாதமாகியும் பதில் இல்லையா? திரும்பப் போய் வாங்கில் காத்திருக்க வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே பணிமனையின் தகவல் அலுவலருக்கு ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள்: "இன்ன திகதி நான் அனுப்பிய முறைப்பாட்டின் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?" தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கடிதம் கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்குங்கள்.

அக்கா இரண்டாம் முறை இப்படித்தான் செய்தார். பணிமனையிலிருந்து கடைக்கு ஆள் போனது பன்னிரண்டாம் நாள்.