மடிப்பில் டேப் ஒட்டாதீர்கள்

பழைய காகிதங்களைச் செப்பனிடுவது என் தொழில். பழைய அரசு சாலை வரைபடங்களைச் சேர்ப்பவர்கள் அடிக்கடி வருவார்கள். அவர்கள் கொண்டுவருவதில் பாதிக்கு மேல் கிழிந்த வரைபடம் இல்லை, கிழிந்ததை அவர்களே ஒட்டிவைத்த வரைபடம். கிழிசல் எனக்குச் சில மணி நேர வேலை, டேப்பை எடுக்கத்தான் நாள்கணக்கில் ஆகிறது.

சமீபத்தில் வந்தது அமெரிக்க மாநிலம் ஒன்றின் நெடுஞ்சாலைத் துறை 1950களில் இலவசமாகக் கொடுத்தது. ஆளுநரின் படம், வரவேற்புக் கடிதம் எல்லாம் அழகாக இருந்தன. பின்பக்கம் நடு மடிப்பு நெடுக டேப். பிளாஸ்டிக் பட்டை தானாகவே உதிர்ந்துபோய், பசை மட்டும் பழுப்புக் கோடாக முன்பக்கம் வரை ஊறியிருந்தது. பழைய டேப்களில் ரப்பர் வகைப் பசைதான் அதிகம், அது காற்றுபட்டு முதலில் பிசுபிசுத்து, காகித இழைக்குள் இறங்கி, அப்புறம் இறுகிவிடும். அந்த நிலையில் கரைப்பான் போட்டாலும் கறை முழுசாகப் போகாது, சில நேரம் அச்சு மையும் சேர்ந்து கரைந்து வரும்.

இவை காலமெல்லாம் வைத்திருக்க அச்சடித்தவை அல்ல. அடுத்த பதிப்பு வந்ததும் தூக்கிப் போடுவார்கள் என்ற கணக்கில், பெரும்பாலும் மலிவான மரக்கூழ்க் காகிதத்தில் போட்டவை. அதிலிருக்கும் லிக்னின் என்ற மரப்பொருளும் அமிலமும் காகிதத்தை மஞ்சளாக்கி முறுக வைக்கும். இரண்டு மடிப்புகள் குறுக்கே சந்திக்கும் இடத்தில்தான் முதல் ஓட்டை விழும். ஆசையாக விரித்து விரித்துப் பார்ப்பதும், மடிப்பைத் திருப்பிப் போட்டு மடிப்பதும் அதைப் பெரிதாக்கும்.

நாங்கள் மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையும் வைத்து ஒட்டுவோம், தேவைப்பட்டால் ஈரம் காட்டிப் பிரித்துவிடலாம். கை பழகாதவர்கள் ஒன்றும் செய்யாமல் பாலியஸ்டர் உறையில் போட்டு வையுங்கள், அதுவே போதும். பிவிசி உறை வேண்டாம். லேமினேஷனா? அதைப் பற்றிப் பேசவே எனக்குப் பிடிக்காது, சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பத்திரமாகத் திரும்ப உரிப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

ஓரம் நைந்திருக்கிறது என்று கத்தரிக்கோலையும் எடுக்காதீர்கள். ஆண்டு அச்சிடாத வரைபடங்களில் ஓரத்துப் பொடி எழுத்துதான் சில சமயம் காலத்தைச் சொல்லும். அது போய்விட்டால் ஆளுநர் பெயரையும் சாலைகளையும் வைத்து ஊகிக்க வேண்டியதுதான். மாநிலங்களை இணைக்கும் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகள் போட்டிருந்தால், அவற்றைப் போடும் சட்டமே வந்த 1956-க்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, இப்படி. மிச்சிகனின் 1978-79 அதிகாரப்பூர்வ வரைபடத்தில் ஒஹையோ பக்கம் 'கோப்ளூ', 'பீட்டோஸு' என்று இரண்டு ஊர்கள் இருக்கும். இரண்டுமே இல்லாத ஊர்கள், 'Go Blue' என்று மிச்சிகன் பல்கலைக்கழக அணிக்கு ஜே போட்டு, 'Beat OSU' என்று ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக (OSU) அணியைச் சீண்ட, அந்த மாநில நெடுஞ்சாலை ஆணையத் தலைவரே சேர்க்கச் சொன்னது! ஒஹையோ அந்த வரைபடத்தின் தெற்கு ஓரம். ஒழுங்குபடுத்துகிறேன் என்று ஓரத்தை வெட்டினால் எது போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

யாரோ பென்சிலால் தங்கள் பயணத்தைக் கோடிழுத்திருந்தால் அழிக்க வேண்டாம். சட்டம் போட்டு மாட்டும் ஆசை இருந்தால் ஸ்கேன் எடுத்து அந்தப் பிரதியை மாட்டுங்கள், வெளிச்சத்தில் வெளுத்த மை திரும்பி வராது.

அந்த 1950கள் வரைபடத்தில் பசையை முடிந்தவரை எடுத்தேன், கறை மங்கலாகத் தங்கிவிட்டது. வாங்கிக்கொண்டவர் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, வீட்டில் இன்னும் 11 இருக்கிறது, எல்லாமே டேப் போட்டது என்றார்.