கபுகி படங்களில் ஊதா எங்கே போனது?

பழைய ஜப்பானிய மரக்கட்டை அச்சுப்படங்களைப் பாதுகாப்பது என் தொழில். கபுகி என்ற ஜப்பானிய நாடகத்தின் நடிகர் படம் ஒன்று மேசைக்கு வந்தால், நான் முதலில் பார்ப்பது நெற்றியைத்தான். 1629-இல் பெண்கள் மேடையேறத் தடை வந்தது. 1652-இல் இளைஞர் கபுகிக்கும் தடை விழுந்தது; நடிகர்கள் முன்முடியை மழித்தாக வேண்டும் என்றானது. பெண் வேடக்காரர்கள் மழித்த இடத்தை ஊதாத் துணியால் மறைத்தார்கள். பிறகு அந்தத் துணியே அவர்களின் அடையாளமாகிவிட்டது. பல படங்களில் இன்று அது வெறும் சாம்பல் திட்டு.

காரணம் வண்ணத்திலேயே இருக்கிறது. அக்காலத்து ஊதா பெரும்பாலும் இரண்டு பூக்களின் கலவை: கானாவாழை இனத்துச் செடியொன்றின் நீலம், குசும்பப்பூவின் சிவப்பு. இரண்டுமே வெளிச்சத்தில் வெளுக்கும். நீலத்துக்குத் தண்ணீரும் ஆகாது. ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தாலே போதும், போய்விடும்.

1794-இல் திடீரென வந்து பத்தே மாதத்தில் 140-க்கும் மேற்பட்ட படங்களைத் தந்துவிட்டு காணாமல் போன ஓவியர் ஷராகுவை எல்லோரும் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியவர்தான். ஆனால் அவர் வரைந்தது கோட்டோவியம். அந்தத் தாளைச் செர்ரி மரக்கட்டையில் ஒட்டிச் செதுக்குவார்கள். செதுக்கும்போதே மூல ஓவியம் அழிந்துவிடும். நிறத்துக்கொரு கட்டை வைத்து, முசுக்கட்டை நார்த்தாளில் தேய்த்து அச்சிட்டவர் வேறொருவர். முகங்களுக்குப் பின்னால் மின்னும் அப்ரகப் பொடியும் அவர் கைவேலையே. தாளில் ஓவியர் பெயர் உண்டு, பதிப்பாளர் சுதாயா ஜூசாபுரோவின் முத்திரையும் உண்டு. அச்சிட்டவர் பெயர் இல்லை. வண்ணம் வெளுத்தால் முதலில் அழிவது அவருடைய உழைப்பு. எனக்கு வருத்தமே அதில்தான்.

உங்களிடம் இப்படி ஒரு படம் இருந்தால், ஜன்னலுக்கு எதிரே தயவுசெய்து மாட்டாதீர்கள். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி ஓரளவுதான் உதவும். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் வண்ணத்தைத் தின்னும். அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கிய வெளிச்சத்தில், அதுவும் சில வாரங்களோ மாதங்களோ காட்டிவிட்டு, இருட்டில் வைத்துவிடுகின்றன. வீட்டிலும் அப்படியே செய்யலாம். செல்லோடேப் வேண்டவே வேண்டாம். அமிலம் கலந்த மலிவு அட்டையையும் தவிருங்கள். அது தாளைப் பழுப்பாக்கும்.

வெளுத்த இடத்தில் புது ஊதா தீட்டித் தரச் சொல்பவர்கள் உண்டு. நான் மறுத்துவிடுவேன். அந்தச் சாம்பல் திட்டில் பழைய வண்ணம் துளியாவது மிச்சமிருந்தால், கருவிகளால் அதை அடையாளம் காண முடியும். மேலே தீட்டிவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.