இடது பெடலுக்கு மட்டும் ஏன் எதிர்மரை?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருக்கிறார். பழைய கியர் சைக்கிள் ஒன்றைச் சல்லிசாக வாங்கி, வீடியோ பார்த்துத் தானே பெடல் மாற்றியிருக்கிறார். வலதும் இடதும் இடம் மாறிப்போனதைக் கவனிக்கவில்லை. ஏறாமல் முரண்டு பிடித்ததும், நீளமான ஸ்பேனரைப் போட்டு எந்தப் பக்கம் பிடித்ததோ அந்தப் பக்கம் இறுக்கிவிட்டார். வேலந்தாவளம் போய்விட்டு மேற்கே திரும்பும்போது ஆடிக் காற்று எதிரே அடிக்க, எழுந்து நின்று மிதித்திருக்கிறார். இடது பெடல் காலோடு வந்துவிட்டது. “இது ராசியில்லாத வண்டி, வித்துப்போடுன்னு அம்மாயி சொல்றாங்க. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும் சார், இடது பெடலுக்கு ஏன் எதிர்மரை?”

ராசி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அவர் அனுப்பிய படத்தில் பெடல் அச்சின் பள்ளங்களில் அலுமினியச் சீவல் அப்பிக்கிடக்கிறது. பெடலைத் தாங்கும் கையான கிராங்கின் துளையில் மரை மழுங்கி, வாய்ப்பகுதி விரிந்துவிட்டது. அச்சில் கிரீஸுக்கு அடியில் ‘ஆர்’ என்ற எழுத்து மங்கலாகத் தெரிகிறது. வலப்பக்கப் பெடல் என்று அதுவே சொல்கிறது. இதில் கண் திருஷ்டிக்கு எங்கே இடம்? பழைய கருப்பு சைக்கிளாக இருந்திருந்தால் கிராங்கும் எஃகு. தப்பான பெடல் ஆரம்பத்திலேயே சிக்கி நின்றிருக்கும். அலுமினியக் கிராங்க் இளகிய மனசுக்காரன். எஃகு அச்சு தன்னை அறுத்துக்கொண்டு உள்ளே போக வழிவிடும். நாமும் நன்றாக இறுகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

சரி, கேள்விக்கு வருவோம். வலது பெடலுக்குச் சாதாரண மரை, கடிகார முள் திசையில் திருப்பினால் இறுகும். இடது பெடலுக்கு எதிர்மரை, அதற்கு எதிர்த்திசையில் திருப்பினால் இறுகும். மிதிக்க மிதிக்க இரண்டும் இறுக வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. இது எந்த சைக்கிள் கடையில் கேட்டாலும் கிடைக்கும் பதில், சரியான பதிலும்கூட. ஏன் இறுகுகிறது என்று கேட்டால்தான் வண்டி தடம் புரளும். “பெடல் சுத்துதில்ல, அது அச்சையும் சேர்த்து இழுத்து இறுக்கிடும்” என்பார்கள். கொஞ்சம் யோசித்தால் இது அப்படியே தலைகீழ் என்று தெரியும்.

சைக்கிளின் வலப்பக்கம் நின்று பாருங்கள். வண்டி முன்னே போகும்போது கிராங்க் வலஞ்சுழியாக, அதாவது கடிகார முள் போகும் திசையில் சுற்றுகிறது. பெடல் மட்டும் பாதத்துக்கு அடியில் கிடைமட்டமாகவே இருக்கிறது. அப்படியானால் கிராங்கை வைத்துப் பார்க்கும்போது பெடல் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது என்று அர்த்தம். பெடலுக்கும் அச்சுக்கும் நடுவே உள்ள பேரிங்கின் உராய்வு அச்சை இழுத்தால் அதே இடஞ்சுழித் திசையில்தான் இழுக்கும். சாதாரண மரை இடஞ்சுழியில் கழலும்! ஆக, பேரிங் தன்னாலான மட்டும் பெடலைக் கழற்றத்தான் பார்க்கிறது. அதையும் மீறி வேறொன்று இறுக்குகிறது. அது என்ன என்பதுதான் எனக்கு இந்த விஷயத்தில் அலுக்காத பகுதி.

வீட்டில் ஒரு வளையலை மேசைமேல் படுக்க வையுங்கள். அதற்குள் வளையலைவிடக் கொஞ்சமே சிறிய வட்ட மூடி ஒன்றைப் போட்டு, மூடியின் விளிம்பில் ஒரு புள்ளி வையுங்கள். இப்போது மூடியை வளையலின் உள்விளிம்பில் அழுத்தி, அழுத்தும் இடத்தை இடஞ்சுழியாக நகர்த்திக்கொண்டே வாருங்கள். மூடி வழுக்காமல் உருள வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் பார்த்தால், புள்ளி வலஞ்சுழியாகக் கொஞ்சம் தள்ளி வந்திருக்கும். காரணம் எளிது. வளையலின் உள்சுற்றளவு மூடியின் சுற்றளவைவிட அதிகம். மூடி தன் விளிம்பு முழுவதையும் உருட்டித் தீர்த்த பிறகும் வளையலில் கொஞ்சம் தூரம் பாக்கி இருக்கிறது. அந்தப் பாக்கித் தூரம்தான் எதிர்த்திசைத் திரும்பலாகக் கணக்கில் சேருகிறது.

கிராங்கின் துளை வளையல், பெடல் அச்சு மூடி, விரலின் அழுத்தம் உங்கள் எடை. எடை எப்போதும் தரையைப் பார்த்துத்தான் இறங்குகிறது. ஆனால் கிராங்க் வலஞ்சுழியாகச் சுற்றுவதால், துளைக்குள் அழுத்தம் விழும் இடம் இடஞ்சுழியாக நகர்கிறது. உடனே அச்சு வலஞ்சுழியாக உருளப் பார்க்கிறது. சாதாரண மரை வலஞ்சுழியில் இறுகும். இடப்பக்கம் எல்லாமே கண்ணாடிப் பிம்பம்போல் மாறிவிடுவதால் அங்கே எதிர்மரை.

எவ்வளவு உருளும்? பெரும்பாலான சைக்கிள்களில் பெடல் அச்சு 9/16 அங்குலம், அதாவது சுமார் 14.3 மில்லிமீட்டர். துளைக்கும் அச்சுக்கும் இடையே விட்ட வித்தியாசம் 0.01 மில்லிமீட்டர்தான் என்று வைத்துக்கொள்வோம். 14.3-ஐ 0.01-ஆல் வகுத்தால் 1,430. துளி வழுக்கலும் தடையும் இல்லாவிட்டால், அத்தனை மிதிக்கு அச்சு ஒரு முழுச் சுற்று சுற்றிவிடும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் 24 நிமிடம்! நிஜத்தில் மரையின் உராய்வு அவ்வளவு தூரம் விடாது. ஆனால் கழலும் திசையில் இந்த இழுப்பு இருந்தால், ஒவ்வொரு மிதியும் ஒரு குட்டி ஸ்பேனர். இறுக்கமாக மாட்டியிருந்தாலும் முழு எடை விழும்போது உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு நெளிகிறது, அந்த நெளிவே இதற்குப் போதும். பேரிங்கில் உருளும் குண்டுகளின் உராய்வு இதற்குமுன் எம்மாத்திரம்?

இன்னொரு நன்மையும் உண்டு. பேரிங் துருப்பிடித்து ஒரேயடியாகச் சிக்கிக்கொண்டால், மிதிப்பவரின் பாதமே நெம்புகோலாகி அச்சைக் கழலும் திசையில் திருப்பும். கணுக்கால் முறுக்குவதைவிடப் பெடல் கழல்வது மேல் அல்லவா?

அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள் 1900-இல் ‘கழலாத பெடல்’ என்று இதை விளம்பரம் செய்தார்கள். 1903-இல் அவர்கள் பறக்கவிட்ட விமானத்தின் உந்திகளைச் சுழற்றியதும் சைக்கிள் பாணிச் சங்கிலிதான். வாளையாறு சாலையோரப் பட்டறைகளில் பழைய லாரி கழற்றுபவர்களுக்கும் இந்தக் கதை தெரியும். பல லாரிகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கு எதிர்மரை இருந்தது. கூம்பு வடிவ நட்டு துளையில் பதிந்து உட்கார்ந்தால் இடைவெளியே இருக்காது, எதிர்மரையும் வேண்டாம். சைக்கிள் உலகம் மட்டும் பழைய வழியை விடவில்லை.

யாரும் ஓட்டாத சைக்கிள் தானாகவே விழாமல் ஓடுவது எப்படி என்ற கேள்வியில் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல்கூட ‘சயன்ஸ்’ இதழில் புதிதாகச் சொல்ல விஷயம் வைத்திருந்தார்கள். நம் பொறியியல் கல்லூரிகளில் ட்ரோன் என்றால் காசு கிடைக்கும். சைக்கிள் கிராங்க் தேய்வதை ஆராயப் பணம் கேட்டால் சிரிப்பார்கள். ஊரில் எத்தனை பேர் ட்ரோனில் வேலைக்குப் போகிறார்கள் என்று தெரியவில்லை.

இனி மாணவருக்கு. இடது கிராங்க் போனது போனதுதான். லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி, உள்ளே புஷ் என்ற உலோக வளையம் வைத்து மரை போடலாம். விலை கட்டுப்படியானால் புதுக் கிராங்கே நல்லது. புதுப் பெடலுக்குக் கிரீஸ் தடவி, முதல் மூன்று நான்கு சுற்றை விரலாலேயே ஏற்றுங்கள். விரலுக்கு வராதது ஸ்பேனருக்கும் வரக்கூடாது. கடைசி இறுக்கம் சுமார் 35 நியூட்டன் மீட்டர் போதும், 20 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் 18 கிலோ தொங்கும் அளவு. ஸ்பேனரை மேல்நோக்கி மாட்டி, முன்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலும் இறுகும், பின்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டும் கழலும்.

வலப்பக்கம் இன்னும் மாட்டியிருப்பது இடது பெடல் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு மிதியும் அதையும் கழற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த ஒன்றைக் கழற்றும்போது மட்டும் மேலே சொன்ன விதி செல்லாது. ஸ்பேனரை முன்சக்கரத்தின் பக்கம் தள்ளுங்கள்.