பணித்திறன் வளர்ச்சி: ‘தொழில் அபிவிருத்தி’ ஏன் பிழை

போன தவணை மாங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் எங்களுக்கு இரண்டு நாள் செயலமர்வு. வாசலில் கட்டியிருந்த பதாகையில் ‘உயர் பாடசாலை ஆசிரியர்களுக்கான தொழில் அபிவிருத்திப் பயிற்சி’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. பிள்ளையைக் கூட்டிப் போக வந்த ஒரு அம்மா அதை நின்று வாசித்துவிட்டு என்னிடம் கேட்டார்: “என்ன ரீச்சர், உங்களுக்கும் தொழில் பழக்கினமோ? தையலோ, கொம்பியூட்டரோ?”

அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. 2009க்குப் பிறகு வன்னிக்கு வந்த நிறுவனங்கள் தையல், மேசன் வேலை, தச்சு, மோட்டார் சைக்கிள் திருத்தம் எல்லாவற்றையும் ‘தொழிற்பயிற்சி’ என்ற பெயரில்தான் பழக்கின. தொழிற்பயிற்சி அதிகார சபை என்று அரச நிறுவனமே ஒன்று இருக்கிறது. ஆகவே இங்கே ‘தொழில் அபிவிருத்தி’ என்று எழுதினால் வாசிப்பவருக்கு ஒன்றில் சுயதொழில் கடன் நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் தொழிற்சாலை. இருபது வருடம் கணிதம் படிப்பித்த ஒருவர் தன் கற்பித்தலை இன்னும் கூர்மையாக்கிக்கொள்ள வந்திருக்கிறார் என்ற பொருள் அந்தப் பதாகையில் எங்கேயும் இல்லை. இதே சொல்லை இந்த வருடம் மட்டும் நான் நாலாவது தடவையாகப் பார்க்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

சரி, மூலச் சொல்லை விரைவாகப் பார்த்துவிடுவோம். ஆங்கிலத்தில் ‘புரொபெஷனல் டிவலப்மென்ற்’. புரொபெஷன் இலத்தீனிலிருந்து வந்தது, வெளிப்படையாக அறிவித்தல் என்பது அடிப்பொருள். துறவு மடத்தில் சேர்பவர் எல்லோர் முன்னிலையிலும் எடுக்கும் உறுதிமொழிக்கு வழங்கிய சொல், பிறகு சமயம், சட்டம், மருத்துவம் என்ற மூன்று துறைகளுக்கும், அப்புறம் மற்றவற்றுக்கும் பரவியது. டிவலப் பழைய பிரெஞ்சுச் சொல், சுற்றிக் கட்டியதை அவிழ்த்தல். ஆசிரியர்களைப் பொறுத்தவரை இதற்கு என்ன பொருள் என்பதை 1966 ஒக்டோபர் 5ஆம் திகதி யுனெஸ்கோவும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து கொண்டுவந்த ஆசிரியர் அந்தஸ்துப் பரிந்துரை தெளிவாகச் சொல்லிவிட்டது. கற்பித்தல் ஒரு புரொபெஷன், அதற்குச் சிறப்பறிவும் திறனும் வேண்டும், அவற்றைக் கடுமையான, விடாத கற்றலால் பெறவும் வேண்டும், பெற்றதைக் காக்கவும் வேண்டும். ‘விடாத கற்றல்’ என்ற பகுதிதான் முக்கியம். இரண்டு நாள் செயலமர்வு அதில் ஒரு துண்டு. பக்கத்து வகுப்பு ரீச்சரின் பாடத்தைப் பின்வாங்கில் இருந்து பார்ப்பது, பாடத்திட்டத்தை நாலு பேர் சேர்ந்து எழுதுவது, ஆசிரிய ஆலோசகர் வந்து சொல்லும் குறை நிறைகளைக் கேட்டு அடுத்த பாடத்தை மாற்றுவது எல்லாம் அதற்குள் வரும்.

இந்தத் ‘தொழில்’ எங்கிருந்து வந்திருக்கும்? சிங்களத்தில் இதற்கு ‘வுர்த்தீய’ என்ற சொல் வழங்குகிறது, வடமொழி ‘வ்ருத்தி’யிலிருந்து வந்தது (அபிவிருத்தியில் இருக்கும் விருத்தி வேறு), பிழைப்பு, சீவனோபாயம் என்று பொருள். தொழிற்சங்கத்துக்கும் சிங்களத்தில் அதே சொல்தான், தொழிற்பயிற்சிக்கும் அதேதான். சங்கத்துக்குத் ‘தொழில்’ பொருந்தியது என்பதற்காக ஆசிரியருக்கும் அதையே தூக்கி வைத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அங்கே ஒரு சொல் மூன்று வேலை செய்கிறது, தமிழில் அந்த மூன்றுக்கும் ஒரே சொல் ஓடாது. மொழிபெயர்ப்பவர் வசனத்தை வாசிக்க வேண்டும், சொல்லுக்குச் சொல் பெட்டி மாற்றக்கூடாது.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: “அதுதான் வாண்மைத்துவ அபிவிருத்தி என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறதே!” கல்வியியற் கல்லூரியிலிருந்து வந்தவர்களுக்கு இது பழகிய சொல். சுற்றறிக்கைகளிலும் பரீட்சை வினாக்களிலும் வருகிறது, நானே எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். ஆனால் அது நல்ல தமிழ் என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

முதலில் ‘வாண்மை’. நன்னூல் விதிப்படி ளகரம் மெல்லினத்தின் முன் ணகரமாகும்: ஆள் + மை ஆண்மை, கேள் + மை கேண்மை. அப்படியே பிரித்தால் வாண்மை வாள் + மை. ‘தாளாண்மை இல்லாதான் வேளாண்மை பேடிகை வாளாண்மை போலக் கெடும்’ என்ற குறளில் வருவதும் வாளை ஆளும் திறமைதான். வாளுக்கும் வகுப்பறைக்கும் என்ன தொடர்பு? உவமையாக எடுத்துக்கொள்ளலாம், ஒரு கருவியைக் கையாளும் தேர்ச்சி என்று விரித்துச் சொல்லலாம், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த விரிவு யாருடைய மனதிலும் நடக்கவில்லை. எங்கள் ஆசிரியர் அறையில் ‘வாண்மை என்றால் என்ன?’ என்று மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவர் ஆளுமை என்றார், ஒருவர் வல்லமை என்றார், மற்றவர் “புரொபெஷனலிசம்” என்று ஆங்கிலத்துக்கே போய்விட்டார். படிப்பிக்கிறவர்களுக்கே ஆங்கிலத்தை வைத்துத்தான் விளங்குகிறதென்றால் அந்தச் சொல் தமிழுக்குள் இன்னும் வந்து சேரவில்லை.

அடுத்தது அந்தத் ‘துவம்’. மை என்பது தமிழில் பண்புப்பெயர் ஈறு. துவம் வடமொழியில் அதே வேலையைச் செய்யும் ஈறு. வாண்மைத்துவம் என்றால் ஒரே ஈற்றை இரண்டு மொழியில் இரண்டு தரம் ஒட்டியிருக்கிறோம். வறுமைத்துவம், பெருமைத்துவம் என்று எவராவது எழுதுவாரா? ஆனால் தலைமைத்துவம் என்று கூசாமல் எழுதுகிறோம், முகாமைத்துவம் என்று ஒரு பாடமே நடக்கிறது. தலைமை என்றால் போதாதா? ‘மருத்துவம் என்று சொல்கிறோமே’ என்று ஒரு நண்பர் வாதாடினார். அது மருந்திலிருந்து பிறந்த சொல், அங்கே இருப்பது இந்தத் துவம் அல்ல. தனித்துவம் கலப்புச் சொல்தான், ஆனாலும் தனி என்பதில் மை இல்லாதபடியால் ஈறு ஒரு தரம்தான் வருகிறது. சொல்லை நீட்டினால் கனம் கூடும் என்ற எண்ணம் எங்கள் அறிக்கைத் தமிழைப் பிடித்த பெரிய நோய். ‘விளக்கினார்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘விளக்கமளிப்பினை மேற்கொண்டார்’ என்று எழுதுகிறவர்கள்தான் வாண்மையோடு துவத்தையும் சேர்க்கிறார்கள்.

உண்மையில் பழந்தமிழில் இதற்கு அருகான சொல் இருந்தது. நன்னூலில் பவணந்தி நல்லாசிரியருக்கு இலக்கணம் சொல்லும்போது ‘கலைபயில் தெளிவு கட்டுரை வன்மை’ என்கிறார். வல் + மை வன்மை. சொல்வன்மை, நாவன்மை என்று இன்றும் சொல்கிறோம். ஒரு துறையில் கைதேர்ந்த நிலை என்பதற்கு இதைவிடப் பொருத்தம் இல்லை. ‘பணிவன்மை’ என்று ஆக்கலாமா என்று கொஞ்ச நாள் யோசித்தேன், பிறகு விட்டுவிட்டேன். வன்மை என்றதும் இன்றைய பிள்ளைக்கு வன்முறையும் வன்மமும்தான் கேட்கும். எங்கள் ஊரில் அந்த ஒலியை ஆசிரியரின் பெயரோடு சேர்க்க எனக்கு மனமில்லை. ‘தேர்ச்சி’ இன்னும் அழகு, ஆனால் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் வந்த பிறகு அது மாணவர் அடைய வேண்டியதற்கான சொல்லாகிவிட்டது. அதை இங்கேயும் போட்டால் குழப்பம்தான்.

மிஞ்சுவது பணித்திறன். தமிழ்நாட்டில் சேவைக்காலப் பயிற்சியைப் பணியிடைப் பயிற்சி என்பார்கள், பணித்திறன் மேம்பாடு என்ற வழக்கையும் அங்கே காணலாம். பணி என்பதில் வேலையும் இருக்கிறது, தொண்டும் இருக்கிறது. ‘ஆசிரியப் பணி’ என்று எல்லோரும் ஏற்கெனவே சொல்கிறார்கள், ‘ஆசிரியத் தொழில்’ என்பதைவிட மரியாதையோடு சொல்கிறார்கள். அதுவே புரொபெஷன் என்பதன் பழைய உறுதிமொழிப் பொருளுக்கும் கிட்ட வருகிறது.

பின்பாதிக்கு அபிவிருத்தி வேண்டாம், வளர்ச்சி போதும். வன்னியில் அபிவிருத்தி என்றால் ஏ9 வீதி, குளக்கட்டு, கட்டடத் திறப்புக் கல். அபிவிருத்தி ஒருவர் மற்றொன்றுக்குச் செய்வது. வளர்ச்சி தன்வினை. குளத்தை அபிவிருத்தி செய்யலாம், நெல் வளரத்தான் வேண்டும், நாங்கள் தண்ணீரும் பசளையும் கொடுக்கலாம். ஆசிரியரும் அப்படித்தான். பயிற்சி நடத்தும் வளவாளர் வந்து இரண்டு நாளில் எங்களை அபிவிருத்தி செய்துவிட்டுப் போக முடியாது.

‘பணித்திறன் என்பது எந்த உத்தியோகத்தருக்கும் பொருந்துமே, புரொபெஷனுக்குரிய தனி உயர்வு அதில் இல்லையே’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முன்னால் ‘ஆசிரியப்’ என்று சேர்த்தால் அந்தக் குறை போகும்: ஆசிரியப் பணித்திறன் வளர்ச்சி. பயிற்சி நடக்கும்போது மட்டும் ‘பயிற்சி’யைச் சேருங்கள், எல்லா இடத்திலும் வேண்டாம்.

அந்தப் பதாகையில் ‘உயர் பாடசாலை’ என்று இருந்ததே, அதுவும் பிழை. எங்கள் முறையில் ஆறாம் வகுப்பிலிருந்து இடைநிலை. ‘உயர்’ என்றதும் உயர்தரம் (12, 13ஆம் வகுப்புகள்) என்று நினைத்து, 10, 11ஆம் வகுப்புகளுக்குப் படிப்பிக்கும் இரண்டு பேர் தங்களுக்கில்லை என்று முதல் நாள் வரவேயில்லை. ‘தொழில்’ சிங்களத்தின் வழி வந்திருக்கலாம், இது ஆங்கில ‘ஹை ஸ்கூல்’ போலிருக்கிறது. வெளிநாட்டுக் கைநூலை இயந்திரத்தில் போட்டு எடுத்த தமிழை ஒருவரும் வாசித்துப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுத்தால் இப்படித்தான் நடக்கும்.

அந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதில், “இல்லை அம்மா, நாங்கள் இன்னும் நல்லாப் படிப்பிக்கிறதுக்குப் பழகிறம்.” “ஓ, அப்ப நல்லதுதானே” என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார்.