‘ஸ்பெஷல் நாடக’த்தில் எது ஸ்பெஷல்?

சித்திரை, வைகாசி வந்தால் மேலூர், அலங்காநல்லூர் பக்கம் டீக்கடைச் சுவர்களில் நாடக நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். ‘வள்ளி திருமணம்’ என்று கதையின் பெயர் ஒரு வரி. மீதி இடமெல்லாம் நடிகர்களின் படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெயர், ஊர், போடும் வேஷம். கதாநாயகனாக வரும் ராஜபார்ட் ஓர் ஊர், கதாநாயகியாக வரும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், கோமாளியான பபூன் இன்னோர் ஊர். ஹார்மோனியம் வாசித்துப் பின்பாட்டுப் பாடுகிறவரும் தனியாக வந்து சேருகிறவர்தான். விடிய விடிய நடக்கிற இந்த இசை நாடகத்தைத்தான் எங்கள் பக்கம் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்கிறோம்.

பெயரைக் கேட்டால் ஏதோ உசத்தியான நாடகம் என்று தோன்றும். பொருள் அதுவல்ல. அந்த ஒரு ராத்திரிக்கென்று ஒவ்வொரு கலைஞரையும் தனித்தனியாகப் பேசி, அட்வான்ஸ் கொடுத்து வரவழைப்பதால் அது ஸ்பெஷல். அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருப்பது ஆளோடு, கதையோடு இல்லை.

இதற்கு எதிர்ச்சொல் ‘கம்பெனி நாடகம்’. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். அப்படிப்பட்ட பாலர் சபைகளில் பையன்களை ஒரே இடத்தில் தங்கவைத்து, சோறு போட்டு, பாட்டும் வசனமும் நெட்டுருப் போடவைத்து, சேர்த்து மேடையேற்றுவார்கள். பின்னாளில் பேர்பெற்ற நாடகக்காரர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் சுவாமிகளின் சபாவில் சேர்ந்து படித்தவர்கள். ஒரு கம்பெனியிலும் கட்டுப்படாமல், அழைப்புக்கு ஏற்ப வந்து நடித்துவிட்டுப் போவது ஸ்பெஷல். அதில் ஒத்திகை கிடையாது. அன்று சாயங்காலம்தான் முருகனும் வள்ளியும் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்ப்பதுகூட உண்டு.

அப்புறம் எப்படி விடியும்வரை பிசகாமல் நடக்கிறது? கதை எல்லாருக்கும் பொது என்பதால்தான். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, அரிச்சந்திரா, கோவலன் என்று சுவாமிகள் வகுத்துக் கொடுத்த நாடகங்களே இன்னமும் முதுகெலும்பு. அதிலும் காதல் கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரே எலும்புக்கூடு தெரியும். ஆண்துணை வேண்டாம் என்று தன் இடத்தைக் காக்கிற ஒரு பெண், வேஷம் மாறி வருகிற ஒருவன், உதவிக்கு ஒரு தெய்வம், இருவருக்கும் நீளமான தர்க்கம், கடைசியில் தாலி. தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் முருகன் வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், கிழவனாகத் தள்ளாடுகிறான். அண்ணன் விநாயகர் யானையாக வந்து கைகொடுக்கிறார். அல்லி கதையில் அவள் மதுரையை ஆளும் அரசி. ‘அல்லி தர்பார்’ என்று இன்றும் சொல்கிறோமே, அதே அல்லிதான். அங்கே அவளைத் தேடி வருகிறவன் அர்ச்சுனன், விநாயகர் இடத்தில் கண்ணன்: கண்ணன் பாம்பாட்டி, அர்ச்சுனன் பாம்பு. பவளக்கொடியில் அல்லியின் மகனுக்குப் பவளத்தேர் கேட்டுக் கிளம்புகிற அர்ச்சுனன், இன்னொரு பெண்ணிடம் போய் நிற்கிறான்.

இதைக் காப்பி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். தமிழில் இதற்கு ஏற்கெனவே ‘துறை’ என்று ஒரு சொல் இருக்கிறது. அகப்பாட்டில் திரும்பத் திரும்ப வருகிற சூழல் துறை. வேடன் வள்ளியிடம் “இந்தப் பக்கம் ஒரு மான் வந்ததா?” என்று கேட்கிறானே, அதற்கு, அகத்துறைகளை வரிசையாகக் கோத்துப் பாடும் கோவை நூல்களில் ‘கலைமான் வினாதல்’ என்றே பெயர். மாணிக்கவாசகரின் திருக்கோவையாரில் அதற்கு முந்திய துறை ‘வேழம் வினாதல்’. மானைத் தேடி வந்தவனில்லை அவன் என்பது கேட்கிற எல்லாருக்கும் தெரியும். எப்படிக் கேட்கிறான் என்பதில்தான் சுவை.

எங்கள் அப்பத்தாவிடம் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன், போன வருஷம் பார்த்த அதே வள்ளி திருமணம்தானே என்று. வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னாள்: “கதைக்கா போறோம்? இந்தவாட்டி நாரதரா வர்றவன் தர்க்கத்துல வள்ளிக்கு ஈடு கொடுக்கிறானான்னு பார்க்கல்ல போறோம்.” ஸ்பெஷல் என்ற சொல்லுக்கு இதைவிடச் சரியான உரை எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, இதற்குத் தமிழ்ச்சொல் என்ன? ‘இசை நாடகம்’ என்று பலர் எழுதுகிறார்கள். கலை வடிவத்துக்கு அது பொருத்தமான பெயர். ஆனால் கம்பெனி நாடகமும் இசை நாடகம்தான், ஆகவே தனித்தனியாக அழைத்து வரும் முறை அதில் விட்டுப்போகிறது. ‘சிறப்பு நாடகம்’ வெறும் மொழிபெயர்ப்பு என்று நானும் முன்பு ஒதுக்கியிருந்தேன். நன்னூலைப் பார்த்தபிறகு மனம் மாறியது. பாயிரம் என்றால் நூலின் முன்னுரை. எல்லா நூலுக்கும் உரியது பொதுப்பாயிரம். அந்த ஒரு நூலுக்கு மட்டும் உரியது சிறப்புப்பாயிரம். பொதுவுக்கு எதிர் சிறப்பு; அங்கே உசத்தி என்ற பேச்சே இல்லை. கதை பொது, ஆள் சிறப்பு என்ற ஏற்பாட்டுக்கு இந்தப் பழைய பொருள் அச்சாகப் பொருந்துகிறது. ஆகவே வடிவத்தைச் சொல்லும்போது இசை நாடகம் என்றும், ஆள் பேசி நடத்தும் முறையைச் சொல்லும்போது சிறப்பு நாடகம் என்றும் எழுதுவேன். டீக்கடை வாசலில் பேசும்போது ஸ்பெஷல் நாடகம்தான். அங்கே வேறு சொல் எடுபடாது.