ஓட்டம் நின்ற பந்தயக் குதிரைக்குச் சட்டத்தில் உள்ள காப்பு

பந்தயக் குதிரை 25 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. களத்தில் ஓடுவதோ அவற்றில் சில ஆண்டுகள் மட்டுமே. காலில் தசைநாண் கிழிந்தோ வேகம் குறைந்தோ லாயத்தை விட்டு வெளியேறும் குதிரை, சவாரிப் பள்ளி, கல்யாண ஊர்வல வண்டி, கடற்கரைச் சவாரி என்று கைமாறிக்கொண்டே போவது உண்டு. இவற்றுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. ருக்மிணி தேவி அருண்டேல் 1953இல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவைத் தொடர்ந்து பிறந்த 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமே இவற்றுக்கும் காப்பு.

அச்சட்டத்தின் 3ஆம் பிரிவு, விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அதன் நலனைக் காக்கும் கடமையை விதிக்கிறது. குதிரை யார் பெயரில் பந்தயத்தில் ஓடியது என்பது இங்கே பொருட்டல்ல. இன்று அது யார் பொறுப்பில் இருக்கிறதோ அவரே பதில் சொல்ல வேண்டியவர். போதிய தீனியும் தண்ணீரும் கொட்டிலும் தராமல் வைத்திருப்பது, நோயாலோ புண்ணாலோ முதுமையாலோ வேலைக்குத் தகுதியற்றதை வேலை வாங்குவது, பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் தக்க காரணமின்றிக் கைவிடுவது ஆகியவை 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்! 1960இல் அது ஒரு தொகையாக இருந்திருக்கலாம். இன்று ஒரு வேளைக் கொள்ளுக்கும் காணாது.

சவாரிக்கும் வண்டிக்கும் போன குதிரைக்கு 1965ஆம் ஆண்டின் இழுவை, சுமை விலங்குகள் விதிகள் கூடுதலாகப் பொருந்துகின்றன. முள்ளோ முண்டோ உள்ள கடிவாளத்தைச் சவாரிக்கும்கூடப் பயன்படுத்தக் கூடாது. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டெலும்பின் மேல் சேணம் நேராக அழுந்தாமல் போதிய இடைவெளி இருக்க வேண்டும். சேணத்தைக் கழற்றியதும் அந்த மேட்டில் முடி உதிர்ந்து தோல் சிவந்திருந்தால், விதி மீறப்பட்டதா என்று ஐயுற அதுவே போதும். வண்டி இழுக்கும் குதிரையை நாளொன்றுக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றி 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது.

புகார் கொடுப்பவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பட்டினி போடுவதும் கைவிடுவதும் காவல்துறை தானே வழக்குப் பதிந்து புலனாய்வு செய்யக்கூடிய குற்றங்கள் அல்ல. அதற்கு நீதித்துறை நடுவரின் ஆணை வேண்டும். ஆயினும் 34ஆம் பிரிவின்படி, காவலர் நிலைக்கு மேற்பட்ட காவல் அலுவலர், குற்றம் நடந்ததாக நம்பக் காரணம் இருந்தால், குதிரையைக் கைப்பற்றி நடுவரிடமோ கால்நடை மருத்துவரிடமோ பரிசோதனைக்கு ஒப்படைக்கலாம். எனவே மனுவில் இந்தப் பிரிவைப் பெயர் சொல்லியே கேட்பது நல்லது. குற்றம் நடந்த 3 மாதங்களுக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்று 36ஆம் பிரிவு வரையறுப்பதால், தேதி தெரியும் படங்களை உடனே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கைப்பற்றிய குதிரையை வழக்கு முடியும்வரை விலங்கு நல அமைப்பிடம் ஒப்படைக்க 2017ஆம் ஆண்டு விதிகள் இடம் தருகின்றன. பராமரிப்புச் செலவுக்கு உரிமையாளரிடம் பிணைப்பத்திரம் கேட்கலாம். அற்ப அபராதத்தைவிட உரிமையாளரை உறுத்துவது இந்தச் செலவுதான்.

வழக்கின்றி ஒரு குதிரையை வளர்க்க ஏற்பவர் எழுத்து மூலமான ஒப்பந்தம் செய்துகொள்வது நல்லது. மறுபடி பந்தயத்தில் விடுவதில்லை, ஒப்புதலின்றி விற்பதில்லை, வளர்க்க முடியாமல் போனால் கொடுத்தவரிடமே திருப்பி அளிப்பது ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். லாரியில் ஏற்றும் முன், அது பயணத்துக்குத் தகுதியானது என்றும் தொற்றுநோய் அற்றது என்றும் கால்நடை மருத்துவரின் சான்று பெறுவது 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி கட்டாயம். வந்து சேர்ந்தபின், பந்தய லாயத்தில் தின்று பழகிய தானியத்தை ஒரேயடியாக நிறுத்தாமல், சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்துப் புல்லைக் கூட்ட வேண்டும். தீனியைத் திடீரென மாற்றினால் குதிரைக்குக் கடும் வயிற்றுவலி கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.