பழைய விளையாட்டும் இரண்டாவது ரேம் ஸ்லாட்டும்

என் தங்கை மகன் சேர்த்து வைத்திருந்த 18,000 ரூபாயை எடுத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு பழைய மடிக்கணினி வாங்கி வந்தான். ஏதோ ஒரு அலுவலகத்தில் சில ஆண்டுகள் உழைத்துவிட்டுக் கைமாறி வந்த திங்க்பேட் டி480. ஐ5-8250யூ செயலி, 8 ஜிபி ரேம், 1920×1080 திரை. அவனுடைய ஆசை பெரிதல்ல. 2004-இல் வந்த ஹாஃப்-லைஃப் 2 நன்றாக ஓட வேண்டும், அவ்வளவுதான். ஓடவும் செய்தது. ஆனால் படகில் ஏறிக் கால்வாயில் போகும் கட்டம் வந்ததும் படம் விட்டு விட்டு வந்தது. “இருபது வருடத்துப் பழைய விளையாட்டுக்கே திணறுகிறதே மாமா, ஏமாந்துவிட்டேனா?” என்று முகம் வாடிக் கேட்டான்.

அவன் ஏமாறவில்லை. கணினியை அவன் கையிலிருந்து வாங்கி, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அதில் நினைவகப் பக்கத்தைப் பார்த்தேன். ரேம் எனும் நினைவகப் பலகையைச் செருகும் ஸ்லாட்டுகள் இரண்டில் ஒன்றுதான் நிரம்பியிருப்பதாகக் காட்டியது. கோளாறு அங்கேதான் இருந்தது.

விலை குறைந்த மடிக்கணினிகளில் பெரும்பாலும் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்காது. படம் வரையும் பகுதி செயலிக்குள்ளேயே ஒரு மூலையில் இருக்கும். இந்தச் செயலியில் அதன் பெயர் யுஎச்டி 620. தனி கார்டுக்குச் சொந்த நினைவகம் உண்டு. இதற்கு இல்லை. எதை எடுக்கவும் எதை எழுதவும் கணினியின் பொது ரேமுக்குத்தான் போக வேண்டும். வீட்டுக்கெல்லாம் ஒரே கிணறு, அதில் ஒரே கப்பி என்பதுபோல. சமையலுக்கும் குளிப்பதற்கும் தோட்டத்துக்கும் அந்த ஒரு கயிற்றில்தான் இறைத்தாக வேண்டும். கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும், நிமிடத்துக்கு இத்தனை வாளிதான் மேலே வரும்.

ஒரு ரேம் பலகை ஒரே நேரத்தில் 64 பிட், அதாவது 8 பைட் தரும். இந்த மாதிரியில் உள்ள டிடிஆர்4 வகை ரேம் நொடிக்கு 240 கோடி முறை அப்படித் தருகிறது. பெருக்கினால் நொடிக்கு 19.2 ஜிபி. கேட்க மிகப் பெரிதாகத் தெரியும். ஹாஃப்-லைஃப் 2 வந்த அதே 2004-இல் விளையாட்டுக்காரர்கள் ஏங்கிய கார்டு ஜிஃபோர்ஸ் 6800 அல்ட்ரா. அதன் சொந்த நினைவகம் நொடிக்கு 35.2 ஜிபி தந்தது, அதுவும் படம் வரைவதற்கென்றே. 14 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த மடிக்கணினியில் அதில் பாதியைச் சற்றே தாண்டிய வேகம், அதையும் செயலியோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கணக்குப் போடும் திறன் வளர்ந்த அளவுக்கு நினைவகத்தின் வேகம் வளரவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை. வரையும் கை தயாராக இருக்கிறது, வண்ணம்தான் வந்து சேரவில்லை.

எவ்வளவு தேவைப்படுகிறது என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1920×1080 திரையில் 20,73,600 பிக்சல்கள். ஒவ்வொன்றுக்கும் நிறத்துக்கு 4 பைட், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற குறிப்புக்கு 4 பைட். என் மருமகன் படத்தின் ஓரங்கள் பிசிறில்லாமல் தெரியும் வசதியை 4 மடங்கில் வைத்திருந்தான். அப்படி வைத்தால் ஒரு பிக்சலுக்கு நான்கு மாதிரிகளைச் சேமிக்க வேண்டும். ஒரு படத்துக்குச் சுமார் 66 எம்பி. நொடிக்கு 60 படம் என்றால் கிட்டத்தட்ட 4 ஜிபி. ஒரே இடத்தின் மேல் முதலில் சுவர், அதன் முன் குழாய், அதன் முன் புகை என்று மூன்று முறை வரைந்தால் 12 ஜிபி. சிப்புகள் தரவைச் சுருக்கியும் தங்களுக்குள் இருக்கும் சிறு நினைவகத்தில் வைத்துக்கொண்டும் இதை ஓரளவு குறைக்கின்றன, உண்மைதான். ஆனால் சுவரின் மேல் ஒட்டும் படங்களைப் படிப்பது, செயலியின் சொந்த வேலை, முடிந்த படத்தைத் திரைக்கு அனுப்புவது எல்லாம் இதற்கு மேல் சேர்கின்றன. தண்ணீர் வந்தால் இன்னும் மோசம். இந்த விளையாட்டில் நீரில் தெரியும் பிம்பத்துக்காகக் காட்சியை இன்னொரு முறை வரைகிறார்கள். படகுக் கட்டத்தில் திணறியதற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது ஸ்லாட்டில் இன்னொரு ரேமைப் போட்டால் என்ன ஆகிறது? இடம் கூடுகிறது என்று மட்டும் நினைக்க வேண்டாம். செயலியில் ரேமுக்குப் போகும் பாதை இரண்டு இருக்கிறது. இரண்டிலும் ரேம் இருந்தால், அடுத்தடுத்த முகவரிகளை இந்தப் பலகையில் கொஞ்சம் அந்தப் பலகையில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்கிறது. கிணற்றுக்கு இரண்டாவது கப்பி வந்துவிட்டது. 19.2 ஜிபி 38.4 ஆகிறது, அந்தப் பழைய கார்டின் வேகத்தையும் தாண்டிவிடுகிறது. ஆகவே இந்த வேலைக்கு ஒரே 8 ஜிபி பலகையைவிட இரண்டு 4 ஜிபி பலகைகளே மேல். “16 ஜிபி இருக்கிறது” என்று கடைக்காரர் சொன்னால், அது ஒரு பலகையா இரண்டா என்று கட்டாயம் கேளுங்கள். டி480-இல் இரண்டு ஸ்லாட். அதே குடும்பத்தின் சிறிய எக்ஸ்270-இல் ஒன்றே ஒன்று. வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும், ஆனால் எக்ஸ்270-க்கு இரண்டாவது பாதை கிடைக்கவே கிடைக்காது.

அவனும் நானும் அன்று மாலையே இன்னொரு 8 ஜிபி வாங்கி வந்தோம். இந்த மாதிரியில் உள்ளேயும் ஒரு பேட்டரி இருப்பதால், முதலில் கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய் அதை அணைக்க வேண்டும். பிறகு அடிமூடியின் திருகுகளைத் தளர்த்தி, ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பினால் மூடி கழன்றுவிடும். ரேமைச் சாய்வாகச் செருகிக் கீழே அழுத்தியபோது இரண்டு பக்கத்துக் கொக்கிகளும் ‘டிக்’ என்று பிடித்தன. திறந்ததுதான் திறந்தோம் என்று விசிறியின் பக்கம் பார்த்தால், வெப்பம் வெளியேறும் மெல்லிய தகடுகளின் இடையே தூசு கம்பளித் துணிபோல் படிந்திருந்தது. அதையும் தூரிகையால் எடுத்தோம். மூடியை மாட்டி, அதே கால்வாய், அதே படகு. ஓர அமைப்பை மட்டும் 2 மடங்காகக் குறைத்திருந்தோம். படம் வழுக்கிக்கொண்டு போயிற்று. அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்தத் தூசுக்கும் இதில் பங்கு உண்டு. இந்தச் செயலிக்கு ஒதுக்கப்பட்ட மின்திறன் 15 வாட். கணக்குப் போடும் பகுதியும் படம் வரையும் பகுதியும் அதையே பிரித்துக்கொள்ள வேண்டும். வெப்பம் வெளியேற வழியில்லாவிட்டால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு தடுமாறும் கணினி என்றால் முதலில் விசிறியைச் சந்தேகியுங்கள். கடையில் சோதிக்கும்போதும் இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடாமல் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள்.

கணினியின் மேல் ஒட்டியிருக்கும் ஐ5, ஐ7 ஸ்டிக்கருக்கு அதிகம் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அக்கால விளையாட்டுகளில் பெரும்பாலானவை ஒரே ஒரு உள்ளகத்தை (செயலிக்குள் கணக்குப் போடும் அலகு, ‘கோர்’) நம்பி எழுதப்பட்டவை. நான்கு உள்ளகம் இருந்தாலும் மூன்று ஏறக்குறைய சும்மாதான் இருக்கும். ஆனால் மலிவு என்பதற்காக செலரான் என்4020 போட்ட புதிய கணினியை வாங்குவதை நான் வன்மையாக மறுப்பேன். அது 6 வாட் சிப். படம் வரையும் அலகுகள் 12 மட்டுமே, யுஎச்டி 620-இல் 24. புதுப் பெட்டியின் வாசனைக்காகப் பாதித் திறனை விட்டுக்கொடுப்பது வீண்.

அதற்காக வேகம் கூடினால் எல்லாம் நல்லது என்றும் இல்லை. ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் கணினியில் வந்தது 2005-இல். நொடிக்கு 25 படம் என்ற வரம்போடு அதை வெளியிட்டார்கள். உள்ளே இருக்கும் இயக்கக் கணக்குகள் படங்களின் எண்ணிக்கையோடு பிணைந்திருக்கின்றன. வரம்பை எடுத்துவிட்டு வேகமாக ஓடவிட்டால், நாயகன் தண்ணீரில் நீந்தவே முடியாமல் தவிப்பான். அதே விளையாட்டில் ஸ்கிம்மர் என்றொரு நீர் விமானம் உண்டு. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்ததும் அது காணாமல் போனது. காரணம் தேடிப் பார்த்தவர்கள் வியந்துபோனார்கள். தரவுக் கோப்பில் அந்த விமானத்துக்குச் சக்கர அளவே எழுதப்படவில்லை. அதற்கு முன் படிக்கப்பட்ட வண்டியின் அளவு நினைவகத்தில் அழியாமல் கிடந்ததால், ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அதுவே தற்செயலாகப் பயன்பட்டு வந்திருக்கிறது. புதிய விண்டோஸ் அந்த இடத்தில் வேறொன்றை எழுதியது, விமானம் மறைந்தது. பிழை விளையாட்டினுடையது, அது வெளிப்பட்டது மட்டும் புதிய விண்டோஸில்.

இன்னும் பழைய, 1990-களின் விளையாட்டுகளில் சிலவற்றுக்கு நிறுவும் நிரல் 16 பிட்டில் இருக்கும். 64 பிட் விண்டோஸ் அதைத் திறக்கவே திறக்காது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து விளையாட்டுக்கு டாஸ்பாக்ஸ் இருக்கிறது. அது அந்தக் காலக் கணினியையே மென்பொருளில் நடித்துக் காட்டும், வேகத்தையும் நாம் விரும்பியபடி குறைக்கலாம். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் செயலிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். இவன் வாங்கிய டி480-இன் செயலி எட்டாம் தலைமுறைதான். நான் அதைப் பரிந்துரைக்க அதுவும் ஒரு காரணம்.

திரையைப் பற்றி ஒன்று. 1366×768 திரையை இன்று பலரும் ஒதுக்குகிறார்கள். எழுத்து வேலைக்கு அது குறைவுதான். ஆனால் 1999-இன் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 போன்றவற்றை 1024×768 அளவில் வைத்து ஓட்டிப் பாருங்கள். உயரம் 768, திரையின் உயரமும் 768. ஒரு வரிக்கு ஒரு வரி அப்படியே பொருந்தும். படத்தை இழுக்காமல் நடுவில் வைக்கும்படி கிராஃபிக்ஸ் அமைப்பில் சொல்லிவிட்டால், இரு பக்கமும் 171 பிக்சல் கறுப்புப் பட்டை விழும். 1080 வரித் திரையிலோ அதே படத்தை உயரத்துக்கு நிரப்ப ஒன்றே கால் மடங்குக்கு மேல் இழுக்க வேண்டும். ஒரு பிக்சல் முழுப் பிக்சலாக மாறாமல் பக்கத்தில் கசியும், வயலும் கிராமத்தவரும் மங்கிப்போவார்கள். 768-இல் பார்த்தால், விறகு வெட்டுபவனின் கோடரி விளிம்புகூட வரைந்தவர் வைத்த இடத்திலேயே கூர்மையாக நிற்கிறது.